தடைக்காலத்துச் சட்டி

1

இது ஒரு சமையல் குறிப்பாகப் பிறந்திருக்க வேண்டியது. வார இதழ் ஒன்றில் வேலை பார்க்கும் சத்யபிரியா போன் செய்து, "கோடை இணைப்புக்கு வீட்டுலயே செய்யற சைவக் குழம்பு, துவையல், பச்சடின்னு ஒரு பத்து எழுதிக் குடுங்க" என்றாள். சரி என்றேன். மாங்காய்ப் பச்சடி எழுதினேன். பீர்க்கங்காய்த் தோல் துவையல் எழுதினேன். அதோடு கை நின்றுவிட்டது. இந்த வெயிலில் 'வதக்கவும்' என்று எழுதினாலே வேர்க்கிறது.

அப்போதுதான் கோட்டைப்பட்டினத்திலிருந்து புதுக்கோட்டைக்கு வந்த பஸ்ஸில் முன்சீட்டுப் பெண் பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னது நினைவுக்கு வந்தது. "மீன் இல்லன்னு சட்டியப் பட்டினி போட முடியுமா? காயாச்சும் போட்டு வைக்கணும்ல." அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. வீடு வந்து சேர்வதற்குள் அவளுக்குத் தஸ்லீமா என்று பெயர் வைத்துவிட்டேன்.

2

'கடல் அன்று அமைதியாக'

வேண்டாம். கடலில் தொடங்கும் கதைகளைப் படித்துப் படித்து அலுத்துவிட்டது.

'தஸ்லீமாவுக்கு அலுத்துப்போயிருந்தது.'

இது இருக்கட்டும். எனக்கும் பொருந்துகிறது.

தஸ்லீமாவுக்கு அலுத்துப்போயிருந்தது. சித்திரை பிறந்ததும் மீன்பிடித் தடைக்காலம் வந்துவிடும். மீன் குஞ்சு பொரிக்கட்டும் என்று இரண்டு மாதம் விசைப்படகுகளைக் கரையில் கட்டிப்போட்டுவிடுவார்கள். படகுக்குப் போகிற அவள் கணவன் ரிஃபாய் வீட்டிலேயே கிடப்பான். வலையைப் பின்னுவான், படுப்பான், எழுந்து வந்து தட்டின் முன்னால் உட்காருவான்.

"இன்னைக்கும் காய்தானா?"

"கடல்ல போயிக் கேளுங்க."

வாழைக்காயை மீன் துண்டு போலச் சாய்த்து நறுக்கி, மசாலா தடவி வறுத்துப் பார்த்தாள். சுரைக்காயில் தேங்காய்ப்பால் ஊற்றிப் பார்த்தாள். ரிஃபாய் குறை ஒன்றும் சொல்லவில்லை, பெருமூச்சு மட்டும் விட்டான். குறை சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

அதனால் ஒரு நாள் பரணில் கிடந்த மீன் சட்டியை இறக்கினாள். (அந்தப் பக்கம் மீனுக்கென்று தனியாக ஒரு மண்சட்டி வைத்திருப்பார்கள். வருஷக்கணக்காக மீன் கொதித்து, அடியெல்லாம் கறுத்து, என்ன தேய்த்தாலும் வாசம் போகாது. சும்மா போட்டால் அது வெயிலில் விரிசல் விடும் என்பது தஸ்லீமாவின் நம்பிக்கை. உண்மையா என்று எனக்குத் தெரியாது. சட்டிக்கும் பசிக்கும் என்று அவள் நம்புகிறாள், நான் குறுக்கே நிற்கவில்லை.) கத்தரிக்காய், முருங்கைக்காய், மாங்காய் போட்டுப் புளிக்குழம்பு வைத்தாள். வெந்தயமும் சின்ன வெங்காயமும் தாளித்துக் கொட்டியபோது, பல நாளைக்குப் பிறகு அவளுக்கே பசித்தது.

3

பக்கத்து வீட்டில் செவந்தி. அவள் புருஷன் திருப்பதியும் ரிஃபாயும் ஒரே படகில் போகிறவர்கள். தடை தொடங்குவதற்குச் சற்று முன்னால், வலை இழுக்கிற கயிறு சுற்றித் திருப்பதியின் வலது மணிக்கட்டு நசுங்கிவிட்டது. ஆறிவிட்டது, ஆனால் விரல்கள் மடங்கவில்லை. தடை முடிந்து படகு கிளம்பும்போது அந்தக் கை கயிற்றைப் பிடித்தாக வேண்டும். செவந்தி மாரியம்மனுக்குப் பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டு கையில் மஞ்சள் காப்புக் கட்டியிருக்கிறாள். காப்பு இருக்கும்வரை மீன், கறி என்று எந்தக் கவிச்சியும் கூடாது.

புருஷன் கையும் சரியாக இல்லை, விரதமும் பிடித்தாயிற்று, வீட்டுவேலை அத்தனையும் அவள் தலையில். இளைத்துக் கறுத்துப்போய்விட்டாள். தஸ்லீமாவுக்கு அவளைப் பார்க்கவே பாவமாக இருந்தது. அன்றைக்குக் கொதித்த குழம்பில் முதல் கரண்டிகளை ஒரு கிண்ணத்தில் ஊற்றிச் சுவருக்கு மேலே நீட்டினாள்.

"வெறும் காய்தான் செவந்தி. தைரியமாச் சாப்புடு."

பொய் சொல்லவில்லை. அவள் மனசில் அது காய்தான். மீனே இல்லாத ஊரில் மீன் சட்டியும் வெறும் சட்டியாகிவிட்டிருந்தது.

(இந்த இடத்தில் எனக்குப் பயம் வந்துவிட்டது. நம் காலத்தில் இதை வேறு மாதிரிப் படிக்க ஆள் இருக்கிறார்கள். எதற்கு வம்பு என்று தஸ்லீமாவைப் பரிமளா ஆக்கி ஒரு பக்கம் எழுதிப் பார்த்தேன். 'பரிமளா கிண்ணத்தைச் சுவருக்கு மேலே' என்பதோடு அந்தப் பக்கம் நின்றுபோனது. பயந்துகொண்டு கொடுத்தால் அது குழம்பாக இல்லை. தஸ்லீமாவையே திரும்பக் கூப்பிட்டேன்.)

மத்தியானம் ரிஃபாய் சாப்பிட உட்கார்ந்தான். முதல் கவளம் உள்ளே போனதும் முகம் மலர்ந்துவிட்டது.

"எங்கிட்டுக் கெடச்சுச்சு மீனு?"

"மீனா?"

"அதான் மணக்குதே. துண்டத்த எங்க ஒளிச்சு வச்சுருக்க?"

தஸ்லீமாவுக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. (புளிக்குழம்புக் கதையில் இப்படி எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. வேறு எப்படிச் சொல்வது?) அவன் மறுசோறு கேட்டான். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

4

இந்தப் பகுதியை எடுத்துவிட்டேன். தஸ்லீமா உட்கார்ந்து நிறைய யோசித்தாள். அவ்வளவு யோசிக்க அவளுக்கு நேரம் ஏது? பாத்திரம் கிடக்கிறது.

5

முடிவுகள்.

தஸ்லீமா போய்ச் சொல்லிவிடுகிறாள். செவந்தி தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறாள். சத்தம் கேட்டுத் திருப்பதி, மடங்காத கையை நெஞ்சோடு அணைத்தபடி வெளியே வருகிறான். வந்தவன் என்ன

இதற்கு மேல் எழுத முடியவில்லை.

அல்லது, சொல்லாமல் விட்டுவிடுகிறாள். தடை முடிகிறது. படகுகள் கிளம்புகின்றன. திருப்பதி மட்டும் கரையில் நிற்கிறான். அந்தக் கையைப் பார்க்கும்போதெல்லாம் தஸ்லீமாவுக்குத் தன் சட்டி ஞாபகம் வருகிறது. இது இன்னும் மோசம். இவ்வளவு பெரிய தண்டனையை ஒரு கிண்ணம் குழம்புக்காக நான் ஒருத்திக்குக் கொடுக்க மாட்டேன்.

அல்லது, கை குணமாகிவிடுகிறது. எல்லோரும் சுகம். சத்யபிரியாவுக்கு இது பிடிக்கும், குறிப்பையும் கீழே சேர்த்துக்கொள்ளலாம்.

மூன்றுமே வேண்டாமென்று விளக்கை அணைக்கப் போனேன். செவந்தி தானாகவே வந்தாள்.

6

தஸ்லீமா அந்தி நேரத்து மஃரிப் தொழுகை முடித்து எழுந்தபோது செவந்தி அடுப்படி வாசலில் நின்றாள். கிண்ணத்தைக் கழுவி, வெறுமனே திருப்பித் தரக் கூடாதென்று இரண்டு மாங்காய் போட்டுக் கொண்டுவந்திருந்தாள். தஸ்லீமா மத்தியானத்திலிருந்து உருப்போட்டு வைத்திருந்த வார்த்தையை எடுத்தாள்.

"செவந்தி, ஒங்கிட்ட ஒண்ணு சொல்லணும். அந்தக் கொழம்பு வந்து..."

"சொல்லாதீங்கக்கா."

"இல்ல, கேளு. நான் வேணும்னு..."

"எனக்கு மொத வாய்லயே தெரிஞ்சுபோச்சு. மீன் சட்டி வாசம் எனக்குத் தெரியாதா? அப்பவே கைய எடுத்துருக்கணும். எடுக்கல. கிண்ணத்த வழிச்சுத் தின்னேன்." குரல் உடைந்தது. "ரொம்ப நாளைக்கு அப்புறம் இன்னைக்குத்தாங்க்கா வயிறு நெறஞ்சுச்சு."

தஸ்லீமா அவள் தோளைப் பிடித்து அடுப்படிக்குள் கூட்டிக்கொண்டாள்.

"நீங்க சொல்லலைன்னா நான் தெரியாமத் தின்னதா இருக்கும். தெரியாமச் செஞ்சா ஆத்தா மன்னிச்சுருவா. நீங்க வாயத் தொறந்துட்டா அதுக்கும் வழி இல்லாமப் போயிரும்."

"அப்ப நான் யாருகிட்டச் சொல்றது செவந்தி? எனக்கும் நெஞ்சு அடைக்குதுல்ல?"

செவந்தி மாங்காய்களை எடுத்து மேடையில் வைத்தாள். அவள் கண் அடுப்புப் பக்கம் போனது.

"இன்னும் இருக்காக்கா?"

(இதை நான் எழுதவில்லை. அவளே கேட்டாள்.)

இருந்தது. தஸ்லீமா மூடியைத் திறந்தாள். காலையில் வைத்த குழம்பு இப்போது இன்னும் கெட்டியாகி, சட்டியின் வாசத்தை எல்லாம் இழுத்துக்கொண்டு அடியில் கிடந்தது. இரண்டு கத்தரிக்காய், ஒரு மாங்காய்த் துண்டு. கரண்டியை விட்டு அள்ளினாள். அள்ளியது கிண்ணத்துக்கு மேலே நிற்கிறது.

காலையில் கொடுத்தது தெரியாமல் கொடுத்தது. இப்போது இரண்டு பேருக்கும் தெரியும். ஊற்றாவிட்டால் பசித்து வந்தவளைத் திருப்பி அனுப்ப வேண்டும், அதுவும் காரணம் சொல்லித்தான் அனுப்ப முடியும். ஊற்றினால் அந்தக் காப்பும், திருப்பதியின் மடங்காத விரல்களும் தஸ்லீமாவின் கையில்தான்.

எனக்கும் கை வலிக்கிறது. நாளைக்குள் மிச்சக் குறிப்புகளை வேறு எழுதியாக வேண்டும். நீங்கள் வந்து கொஞ்சம் இந்தக் கரண்டியைப் பிடியுங்கள். செவந்தி கிண்ணத்தை நீட்டிக்கொண்டு நிற்கிறாள்.