செயின் கறுப்பு

கிழவர் காலை உள்ளே இழுத்துக்கொண்டார். "சீ! இந்தக் கையாலயா என் புண்ணைத் தொடப் போற?"

வீடு வீடாகப் போய்ப் புண்ணுக்குக் கட்டு மாற்றும் நர்ஸ் அவள். வரும் வழியில் மேட்டில் கியர் மாற்றியபோது சைக்கிள் செயின் கழன்றுவிட்டது. விரலை விட்டுத்தான் மாட்ட வேண்டியிருந்தது. கிழவர் வீட்டுக் குளியலறையில் சோப்புக் கரையக் கரையத் தேய்த்தும் நகக்கண்ணில் கறுப்பு அப்படியே இருந்தது. கையுறை போட்டுக்கொள்வேன் என்று சொல்லிப் பார்த்தாள். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர்மேல் கோபம் வரவில்லை. தன் கையைப் பார்க்கத்தான் அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

"இனிமே அந்தச் சைக்கிளை நான் தொட மாட்டேன்" என்றாள் வீட்டுக்கு வந்ததும்.

கணவன் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவன். நுணுக்கமான வேலைக்காரன் என்று கடையில் பெயர். "தொடச்சு எண்ணெய் விட்டா சரியாப் போயிடும்" என்றான்.

"மழைக்கு முன்னாடியும் இதையேதான் சொன்னீங்க."

அவனுக்கு ரோஷம் வந்துவிட்டது. தெரிந்த கடையிலிருந்து வேறொரு பின்சக்கரம் கொண்டு வந்தான். "கியரெல்லாம் சக்கரத்து நடுவுல, இந்த ஹப்புக்குள்ளயே இருக்கு. வெளியே ஒரே ஒரு பல்சக்கரம். செயின் அங்கயும் இங்கயும் தாவாது. முழுசா கவர் போட்டு மூடிடலாம். நின்ன இடத்துலயே கியர் மாத்தலாம், தெரியுமா?"

விடுமுறை நாளில் சமையலறைத் தரையிலேயே சைக்கிளைக் கவிழ்த்தார்கள். அவள் பிடித்துக்கொள்ள, அவன் பழைய கியரைக் கழற்றினான். செயினை அங்குமிங்கும் தள்ளும் அந்த இரும்புக் கையில் இருந்த குட்டிச் சக்கரங்களைச் சுற்றித் தலைமுடி, சேறு, கிரீஸ், ஏதோ பூச்சியின் இறகு எல்லாம் ஒன்றாக இறுகிக் கிடந்தன. சாக்கடையைக் கிளறியதுபோல ஒரு வாடை. அதை அவன் காய் நறுக்கும் கத்தியால் நோண்டினான்.

"ஐயே! அது கத்திங்க!"

"கழுவினா போச்சு."

கத்தியைப் பிடுங்கிக் குப்பையில் போட்டாள். அவன் சிரித்தான். ஆனால் வேலை சுத்தமாகத்தான் இருந்தது. அதை அவளும் ஒப்புக்கொண்டாள். சக்கரம் ஒரு நூல்கூட ஆடவில்லை. செயினை அளவாக வெட்டி, கவருக்குள் அடைத்து, கைப்பிடிக்குக் கேபிளை இழுத்துவிட்டான்.

தெருவில் ஒரு சுற்றுப் போனாள். முனையில் லாரி ஒன்று மறிக்க, நின்றபடியே கைப்பிடியைத் திருகினாள். 'டிக்' என்றது. மறுபடி மிதித்தபோது பெடல் பஞ்சாக இறங்கியது. தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள்.

திரும்பி வந்தபோது அவன் அழுக்குத் துணிகளைக் குவித்துவிட்டுக் கைகழுவப் போயிருந்தான். கிழிந்த பனியன்களுக்கு நடுவே, கறுப்புக்குள் ஏதோ வெள்ளையாகத் தெரிந்தது. இழுத்துப் பார்த்தாள். புண்ணில் வைக்கும், கிருமி நீக்கிய காஸ் துணி. அவளுடைய வேலைப் பை திறந்து கிடந்தது.

"இத எங்கேர்ந்து எடுத்தீங்க?"

"உன் பையிலேர்ந்துதான்" என்றான் உள்ளிருந்தே. "நாலஞ்சுதான் எடுத்தேன். மிச்சத்த மடிச்சு டேப் ஒட்டி வச்சுட்டேனே. பிரிச்சதே தெரியாது."

"தெரியாம நாளைக்கு அத நான் அந்தப் பெரியவர் கால்ல வச்சிருப்பேனே!"

"அது எப்படியும் ஆறாத புண்ணுன்னு நீதானே சொன்ன? அதுல எத வச்சா என்ன?"

பொட்டலத்தை எடுத்துப் பார்த்தாள். உண்மைதான், பிரித்தது தெரியவில்லை. ஓரத்தோடு ஓரம் பொருத்தி, சுருக்கம் இல்லாமல், லென்ஸ் பதிக்கிற அக்கறையோடு ஒட்டியிருந்தான். கிரீஸைக் கண்டபோது வராத வாந்தி அந்த நேர்த்தியைக் கண்டபோது தொண்டை வரை வந்தது.

அவன் வெளியே வந்தான். "இதுக்குப் போய் மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவாங்களா?" என்று கன்னத்தைத் தட்டக் கை நீட்டினான். அவள் பின்னால் நகர்ந்தாள்.

"கையக் கழுவிட்டு வாங்க."

"கழுவிட்டேனே. பாரு."

இரண்டு கைகளையும் புரட்டிப் புரட்டிக் காட்டினான். சுத்தமாகத்தான் இருந்தன. சோப்பு மணந்தது. அவள் முதுகு சைக்கிளில் இடித்தது. அதற்குமேல் நகர இடமில்லை. நீட்டிய கைகளை அவன் மடக்கவில்லை. விரல் நுனிகளிலிருந்து தண்ணீர் ஒவ்வொரு சொட்டாக அவர்களுக்கு நடுவே தரையில் விழுந்துகொண்டிருந்தது.