சின்ன வண்டியின் சாட்சி

குழந்தை பால் குடித்து முடிக்கும்வரை பந்தயத் தடமே காத்திருந்தது. பெரிய கூட்டம் ஒன்றும் இல்லை. பத்திரிகை ஆசிரியர், புது வண்டிகளை ஓட்டிப் பார்த்து எழுதுகிற, எல்லோரும் தாடி என்றே கூப்பிடுகிற ஆள், டயர்க்காரர், புகைப்படக்காரர், சுவர் நிழலில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த மாமியார், அவ்வளவுதான். இருந்தாலும் வளர்ந்த மனிதர்கள் இத்தனை பேர் ஒரு கைக்குழந்தையின் வாயை நம்பி நிற்பது குழந்தையின் அம்மா மீட்டருக்குக் கூச்சமாக இருந்தது. அலுவலக வேனின் பின்னிருக்கையில், ஜன்னல்களில் துண்டைச் சொருகி மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குழந்தையோ உலகத்தில் தனக்கு வேறு வேலையே இல்லை என்பதுபோல நிதானமாகக் குடித்தது. உண்மையும் அதுதான்.

மீட்டர் என்பது அலுவலகம் அவளுக்கு வைத்த பெயர். பிரேக் சூடாகிவிட்டது, இடது பக்க டயர் களைத்துவிட்டது என்பதையெல்லாம் கருவி காட்டுவதற்கு முன்பே சொல்லிவிடுவாள். எப்படித் தெரியும் என்று கேட்டால் இடுப்பைத் தட்டிக் காட்டுவாள். வண்டியின் வால் ஒரு விரற்கடை நகர்ந்தாலும் அவள் உட்காரும் இடத்துக்குச் செய்தி வந்துவிடும். வருகிற செய்தியை அப்படியே எழுதுவாள். அவள் பக்கத்துக்கென்றே பத்திரிகை வாங்கியவர்கள் இருந்தார்கள்.

பிரசவ விடுப்பு முடிந்து இதுதான் முதல் வேலை. ஏறக்குறைய ஒரே விலையில் இரண்டு வண்டிகள். ஒன்று பின்சக்கரங்கள் உந்துகிற கூபே, இரண்டு கதவும் நீண்ட மூக்குமாக, நிற்கும்போதே ஓடுவதுபோல் தெரிகிற அழகி. மற்றது காய்கறிப் பை ஏற்றிப் பிள்ளைகளைப் பள்ளியில் விடுகிற ஹேட்ச்பேக், ஆனால் அதற்குள் அடங்காத எஞ்சினைத் திணித்திருந்தார்கள். பாவம், அதன் முன்சக்கரங்களே இழுக்கவும் வேண்டும், திரும்பவும் வேண்டும். தடத்தில் எது நல்ல வண்டி என்று அவள் சொல்ல வேண்டும். ஆசிரியர் நல்ல மனிதர்தான், ஆனால் பத்திரிகை நடத்துகிறவர். "இதைச் சரியா எழுதிக் குடும்மா. உன் பக்கம் உனக்கு. கஷ்டமா இருந்தா சொல்லு, கொஞ்ச நாளைக்கு தாடி பாத்துக்கட்டும்" என்றிருந்தார். அந்த அலுவலகத்தில் கொஞ்ச நாளைக்கு என்று கைமாறிய எதுவும் திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை.

குழந்தைக்குப் புட்டி ஆகாது. கணவனுக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. பல் மருத்துவமனையில் வரவேற்பு மேஜை பார்க்கிற மாமியார் தன் விடுப்பை எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். யாரும் கேட்கவில்லை. காலையில் பையும் தொப்பியுமாக வாசலில் நின்று, "கிளம்பலாமா?" என்றாள். மீட்டர் அந்தப் பையை வாங்கிக்கொண்டாள்.

முதலில் கூபே. இரண்டு சுற்று மெதுவாகப் போய்விட்டு மூன்றாவதில் வேகம் பிடித்தாள். தடத்தின் பின்பகுதியில், இறக்கத்தில் நீளமாக இடதுபுறம் திரும்பும் வளைவு ஒன்று இருந்தது. பல வருடங்களாகப் பழகிய வளைவு, கண்ணை மூடிக்கொண்டு போவாள் என்று சொல்லலாம். அதில் நுழைந்ததும் வால் வெடுக்கென்று விலகியது. பிடித்துவிட்டாள். அடுத்த சுற்றில் முன்னதாகவே பிரேக் போட்டாள். அப்போதும் பின்பக்கம் பனிக்கட்டியில் நிற்பதுபோல் நழுவியது. அதற்கடுத்த சுற்றில் வளைவு வருவதற்குள் குழந்தையின் முகம் வந்துவிட்டது. ஆக்ஸிலரேட்டரிலிருந்து கால் தானாக எடுபட்டது.

உள்ளே வந்து நிறுத்தினாள். தாடி கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் பார்வையைத் திருப்பிக்கொண்டான். போட்டிக்காரன்தான் என்றாலும் கெட்டவன் இல்லை. "காலையில நான் ஓட்டினப்ப வெண்ணெய் மாதிரி போச்சே. விடு, முதல் நாள்தானே" என்றான். ஆறுதலுக்குத்தான் சொன்னான். அதுதான் குத்தியது.

அவளுக்குப் பயம் புதிதில்லை. இந்த வேலையில் பயமில்லாதவர்கள் சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிடுவார்கள். ஆனால் இதுவரை பயம் எங்கிருந்து வருகிறது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. இப்போது தெரியவில்லை. வண்டி நழுவுகிறதா, இல்லை, எலும்பெல்லாம் இளகிப் பெற்றெடுத்த உடம்பு நழுவுவதாக நினைக்கிறதா? 'இந்தக் கூபே நம்பகமில்லாதது' என்று எழுத ஒரு வரி போதும். தன் நடுக்கத்தை வண்டியின் தலையில் கட்டிய வரியாக அது இருந்துவிட்டால்? தன் பக்கத்தைத் தாடியிடமே கொடுத்துவிடலாம் என்று அப்போதே முடிவு செய்தாள். ஹேட்ச்பேக்கை ஒப்புக்கு ஓட்டிவிட்டு, வந்ததும் ஆசிரியரிடம் சொல்லிவிட வேண்டும்.

சொல்லிவிடப் போகிறோம் என்றதும் உடம்பு லேசாகிவிட்டது. ஹேட்ச்பேக்கை யாருக்கும் எதையும் நிரூபிக்காமல், மளிகைக் கடைக்குப் போகிற மாதிரி ஓட்டினாள். இறக்கத்து வளைவில் ஸ்டியரிங்கைத் திருப்பினால், சின்ன வண்டி கேட்கவில்லை. மூக்கு வெளிப்பக்கமாகவே போனது. பின்பக்கமோ ஆணி அடித்ததுபோல் இருந்தது. இந்த மாதிரி வண்டிகள் வாலைத் தூக்கிக்கொண்டு துறுதுறுவென்று திரும்ப வேண்டும், அதுதானே அவற்றின் ஒரே குறும்பு. அடுத்த சுற்றில் இன்னும் மெதுவாக நுழைந்தாள். அப்போதும் மூக்கு வெளியேதான் போனது.

மீட்டர் நிமிர்ந்து உட்கார்ந்தாள். பயந்து, முன்னதாகவே வேகத்தைக் குறைத்து நுழைந்தால் வண்டி சோம்பலாகத் தெரியும், சரி. ஆனால் இவ்வளவு மெதுவாக வந்தும் மூக்கு போகிறதென்றால் அது அவள் பயம் செய்கிற வேலை இல்லை. ஒரே ஆள், ஒரே வளைவு. ஒன்றில் வால் நிற்கவில்லை, இன்னொன்றில் வால் அசையவே இல்லை. இரண்டும் நேர்மாறாகத் தப்பு. கூபே மட்டும் இருந்திருந்தால் பழி முழுக்க அவள் தலையில் விழுந்திருக்கும்.

உள்ளே வந்ததும் தலைக்கவசத்தைக்கூடக் கழற்றாமல் டயர்க்காரரிடம் போனாள். "அண்ணா, தாடி ஓட்டினதுக்கு அப்புறம்தானே காத்து மாத்தினீங்க? பின்னாடி டயரைக் கொஞ்சம் பாருங்களேன்."

அவர் காற்று அளக்கும் கருவியை ஹேட்ச்பேக்கின் பின்சக்கரத்தில் வைத்தார். முகம் மாறியது. எழுந்து போய்க் கூபேயின் பின்சக்கரத்தில் வைத்தார். அங்கேயே குந்தியபடி இருந்தார்.

தடத்துக்கென்று சின்ன வண்டிக்குப் பின்பக்கம் காற்று தூக்கலாக வைப்பார்கள், வால் கொஞ்சம் இளகட்டும் என்று. கூபேக்கு அதையே குறைத்து வைப்பார்கள், வால் பிடிமானமாக இருக்கட்டும் என்று. வெயிலுக்காக இரண்டு வண்டிக்கும் துணி போர்த்தியிருந்தது. அடியில் கறுப்புச் சக்கரங்கள் மட்டும் தெரிந்தன. இடப்பக்கம் கூபே, வலப்பக்கம் ஹேட்ச்பேக் என்று மனதில் வைத்து அவர் தேநீர் குடிக்கப் போன நேரத்தில், வெளிச்சம் சரியில்லை என்று புகைப்படக்காரர் வண்டிகளை இடம் மாற்றிப் படமெடுத்துவிட்டுத் திரும்பவும் போர்த்தியிருந்தார். திரும்பி வந்த டயர்க்காரர் துணியை விலக்கிப் பார்க்காமல், மனதிலிருந்த கணக்கிலேயே காற்றை வைத்துவிட்டார்.

அங்கே அப்போது அவர்கள் இரண்டு பேர்தான் இருந்தார்கள். ஆசிரியர் தள்ளி நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார். காற்றைச் சத்தமில்லாமல் சரி செய்துவிட்டு, 'எல்லாம் சரியாத்தான் இருக்கு மேடம்' என்று டயர்க்காரர் சொல்லியிருந்தால், அவள் அதை நம்பிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பாள். அவர் எழுந்து, எல்லோருக்கும் கேட்கிற குரலில் சொன்னார்.

"சார், தப்பு பண்ணிட்டேன். ரெண்டு வண்டிக்கும் காத்து மாத்தி வச்சிருக்கேன். இந்தக் கூபேயை இந்த நெலமையில இவங்க ரோட்டை விட்டு எறங்காம கொண்டு வந்ததே பெருசு."

ஆசிரியர் போனை அணைத்துவிட்டு வேகமாக வந்தார். வாய் திறப்பதற்குள் மீட்டர் குறுக்கே புகுந்தாள். "சார், இன்னிக்கு இவரை ஒண்ணும் சொல்லாதீங்க. தப்புன்னு இவர் சொல்லலேன்னா, நான் நேரா உங்ககிட்ட வந்து என் பக்கத்தைத் தாடிகிட்டயே குடுத்துடுங்கன்னு சொல்லியிருப்பேன்." குரல் உடைந்தது. அதை மறைக்க அவள் முயலவில்லை. "ரொம்ப நன்றிண்ணா" என்றாள் டயர்க்காரரிடம். திட்டு வாங்கத் தயாராக நின்ற அவருக்கு நன்றியை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அழுக்குத் துணியை எடுத்துக் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். தாடி போய்க் கூபேயின் துணியை மடித்து ஓரமாக வைத்தான்.

மாமியார் தூங்குகிற குழந்தையைத் தோளில் போட்டபடி வந்தாள். பாதிதான் காதில் விழுந்திருந்தது.

"அப்ப பயந்தது நீ இல்லையா? கோளாறு வண்டியிலயா?"

"பயந்தது நான்தான் அத்தை. ஆனா காரணத்தோட பயந்திருக்கேன்."

மாமியார் யோசித்தாள். "எங்க கிளினிக்குல வாயைத் திறக்கறதுக்கு முன்னாடியே அலறுவாங்க. அவங்களைவிட நீ தேவல" என்றாள். பிறகு, ஏதோ சாமான் வாங்கச் சொல்வதுபோல, "இன்னொரு தடவை போயிட்டு வா. இவ இப்ப எழுந்துக்க மாட்டா" என்றாள். மீட்டர் அவள் கையைப் பிடித்து ஒருமுறை அழுத்தினாள். இந்தப் பெண்மணியை மாமியாராகத் தந்ததற்காகவே கணவனின் அரைகுறைச் சமையலை ஆயுள் முழுக்கச் சாப்பிடலாம் என்று தோன்றியது.

காற்றைச் சரி செய்து முடித்த டயர்க்காரர், இந்தமுறை ஒவ்வொரு சக்கரத்திலும் இரண்டு தடவை அளந்து பார்த்தார். கூபே கிளம்பியது. மெதுவாக ஒரு சுற்று, கொஞ்சம் வேகமாக ஒரு சுற்று. மூன்றாவதில் இறக்கம் வந்தது. குழந்தையின் முகம் வந்தது. வரட்டும் என்று விட்டாள். தாடி பிரேக் போட்டிருக்கக்கூடிய இடம் கடந்தது. அப்புறம்தான் பிரேக்கை அழுத்தினாள்.

ஸ்டியரிங்கைத் திருப்பினாள். மூக்கு உள்ளே வந்தது. பின்பக்கம் மெல்ல, சொல்லிவிட்டு நகர்ந்தது. அது நகர்வதற்கு ஒரு மூச்சு முன்பே அவள் இடுப்புக்குத் தெரிந்துவிட்டது. கைகள் எதிர்ப்பக்கம் திரும்ப, முன்கண்ணாடி முழுக்கப் புல்லும் வானமும் நிறைந்தன. வண்டி அவள் நினைத்தபடியே பக்கவாட்டில் சறுக்கிப் போக, தடம் பக்கத்து ஜன்னல் வழியாக அவளை நோக்கி வந்துகொண்டிருந்தது.