தங்கை புருஷனின் குரல்

தையற்காரியின் கடை துறைமுகத்துக்கு நேர் எதிரே. ஆள் வராத நேரத்தில் பேச்சுத் துணைக்கு ஆகட்டும் என்று பழைய ரேடியோ ஸ்கேனர் ஒன்றை வாங்கி, துணி வெட்டும் மேசையில் வைத்திருந்தாள். கப்பல்களைக் கயிறு மாட்டி இழுக்கும் இழுவைப் படகுகளும் துறைமுகக் கன்ட்ரோல் அறையும் பேசிக்கொள்வது அதில் பளிச்சென்று கேட்கும். தங்கை புருஷன் அப்படியொரு படகின் கேப்டன் என்பதால், அவன் முறை வந்தால் தையல் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்பாள்.

வீட்டில் அவன் வாயே திறக்காத ஆள். காரணம் ரேடியோவில்தான் தெரிந்தது. அவனுக்குச் சில சொற்கள் நாக்கில் ஒட்டிக்கொள்ளும். கன்ட்ரோல்காரர் அவசரப்படுத்தாமல் காத்திருப்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டில் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். பேச்சு சுவாரசியத்தில் தையற்காரி கரண்டியை மைக் போலப் பிடித்து, "க... க... கயிறு மாட்டியாச்சு, ஓவர்" என்றாள். பந்தியே குலுங்கிச் சிரித்தது. அவனும் சிரித்தான். தங்கை மட்டும் தண்ணீர் எடுக்க எழுந்து போனாள்.

மறுநாளிலிருந்து ரேடியோவில் அவன் படகுக்காகப் பேசியது டெக்கில் வேலை செய்பவன். "கேப்டன் சொல்றாரு, இடது பக்கம் வர்றோம்." அவள் முதலில் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வியாழக்கிழமை, கப்பலுக்கு வழிகாட்டும் பைலட், "வேகத்தைக் குறைங்க" என்றார். டெக் ஆள் அதை அவனிடம் சொல்லி முடிப்பதற்குள் படகு துறைமேடையில் உரசி, அதன் பக்கவாட்டுக் கம்பி வளைந்துபோனது. யாருக்கும் அடியில்லை. பைலட் மட்டும் கேட்டார்: "கேப்டனுக்கு என்ன ஆச்சு? எப்பவும் அவர்தானே பேசுவாரு?"

அவள் ஸ்கேனரை அணைத்தாள். கடையைப் பாதியில் சாத்திவிட்டுத் தங்கை வீட்டுக்கு ஓடினாள். அவன் அந்த உரசலுக்கு விளக்கக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தான்.

"என்னாலதான் தம்பி. அன்னிக்கு நான்..."

"உங்க மேல தப்பில்லக்கா. பேச்சு வராதது எனக்குத்தானே." கடிதத்திலிருந்து தலையை அவன் எடுக்கவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

வாசல்வரை வந்த தங்கை சொன்னாள்: "நாலு பேர் முன்னாடி சிரிக்க வெச்ச. மன்னிப்ப மட்டும் தனியா வந்து கேக்குறியேக்கா."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, எல்லோரும் இருக்கும்போது தையற்காரி சொன்னாள். "போன தடவ நான் செஞ்சது ரொம்ப கேவலம்." கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். பிள்ளைகள் தட்டைப் பார்த்தபடி இருந்தார்கள்.

"போதும்க்கா, சாப்பிடுங்க" என்றான் அவன்.

ஒரு மாதம் கழித்து ரேடியோவில் மறுபடியும் அவனே பேசுகிறான் என்று தங்கை சொன்னாள். ஸ்கேனரைப் போட்டுக் கேட்டுப் பார்க்கத் தையற்காரிக்கு மனம் வரவில்லை. ஆனால் அவள் இருக்கும் இடத்தில் இன்றைக்கும் அவன் தலையாட்டுவதோடு சரி.