நனைந்ததா என்று தெரியாது

கல்பிட்டிப் பக்கத்தில் எனக்கு இரண்டு பெயர். பெற்றவர்கள் வைத்தது ஹவ்வா உம்மா. ஊர் வைத்தது வஸ்வாஸ்காரி. தொழுகைக்கு முன் வுளுச் செய்கிறோமே, கை சரியாக நனைந்ததா, முகம் முழுக்கத் தண்ணீர் பட்டதா என்று மனசை விடாமல் குடையும் சந்தேகத்தைத்தான் எங்களில் வஸ்வாஸ் என்பார்கள். ஒன்பது வருடம் நான் கிணற்றடியில் குடியிருந்தேன். ஒரு தொழுகைக்கு நாற்பது வாளி. பிறகு ஒரு கோடையில் கிணறு வற்றி, ஆளுக்கு ஒரு செம்பு என்று ஆனது. அந்த ஒரு செம்பில் வுளுச் செய்து நடுங்கி நடுங்கித் தொழுதேன். வானம் இடிந்து விழவில்லை. மறுநாளும் விழவில்லை. அப்படித்தான் வெளியே வந்தேன். முழுச் சுகம் இன்றுவரை இல்லை. ஊர் சிரிக்கட்டும். அந்தப் பெயரைக் கேட்டுத்தானே என்னைப் போன்றவர்கள் என் வாசலுக்கு வருகிறார்கள்.

ஜப்பான்காரன் கொழும்பில் குண்டு போட்ட வருடம், குறிஞ்சிப்பிட்டியிலிருந்து சுஹைர் வந்தான். புதிதாகக் கல்யாணமானவன். மனைவி மர்ளியா புத்தளத்துப் பெண். ஈர நாய் ஒன்று அவள் பாவாடையில் உரசிவிட்டதாம். நாயின் ஈரம் பட்டால் ஏழு தரம் கழுவ வேண்டும், அதில் ஒரு தரம் மண் கரைத்துக் கழுவ வேண்டும். அது எங்கள் மார்க்கச் சட்டம். அவளும் கழுவினாள். ஆறா ஏழா என்று சந்தேகம் வந்தது. மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினாள். ஐந்து மாதமாகியும் அந்த ஏழு முடியவில்லை; வுளுவிலும் அதே சந்தேகம் ஒட்டிக்கொண்டது.

எங்கள் மணற்காட்டுக் கிணற்றில் அளவுக்கு மீறி இறைத்தால் அடியிலிருந்து உப்பு ஏறும். அவர்கள் வீட்டுக் கிணற்றிலும் ஏறிவிட்டது. தோட்டத்து மிளகாய்க் கன்றுகள் கருகிப்போயின. சுஹைரின் தாய் பளீலா, பெண்ணுக்கு ஜின் பிடித்திருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டாள். அடுத்த வார வெள்ளிக்கிழமை தோணியில் ஏற்றித் தாய்வீட்டுக்கு அனுப்பிவிட்டு, மகனுக்கு வேறு இடம் பார்ப்பதாகச் சொல்லிவிட்டாள். வெள்ளிக்கு ஒன்பது நாள் இருந்தது.

“அவ கேக்குற நேரமெல்லாம் சுத்தம், சுத்தம் எண்டு சொல்லிட்டுத்தான் ஈக்கிறன் ராத்தா” என்றான்.

“அதான் நீ செஞ்ச பிழ. இனி வாயத் தொறக்காத.”

அவன் வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். மர்ளியாவின் விரலிடுக்கெல்லாம் வெடித்து இரத்தம் கசிந்தது. ஆஸ்பத்திரி அப்போதிக்கரி கொடுத்த களிம்பையும் கழுவியிருந்தாள். எனக்குக் கோபம் பொங்கியது. அவள் மேல் அல்ல, இத்தனை கண்கள் இருந்தும் அந்தக் கையைப் பார்க்காத வீட்டின் மேல்.

நான் ஓதவும் இல்லை, நூல் கட்டவும் இல்லை. ஒரு செம்புத் தண்ணீர் கொடுத்தேன். கழுவி முடித்ததும் அவள் என் முகத்தைப் பார்த்தாள்.

“சுத்தம்தானே ராத்தா?”

“சொல்ல மாட்டன்.”

“ஒரு தரம் மட்டும் சொல்லுங்கொ!”

“நான் சொன்னா நாளைக்கும் கேப்பாய். கையக் கட்டிட்டு இரி. நெஞ்சு அடிக்கும். அடிக்கட்டும். அடிச்சு அடிச்சு அதுக்கே களைக்கும்.”

அழுதாள். என்னைக் கல்நெஞ்சுக்காரி என்றாள். நான் பக்கத்திலேயே இருந்தேன். நண்பகல் லுஹருக்கு உட்கார்ந்தவள் பின்னேர அஸர் பாங்கு கேட்ட பிறகுதான் மூச்சுவிட்டாள். நான்காம் நாள் என் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு இருபது வாளி இறைத்தாள். ஏசுவதற்கு வாயெடுத்தேன். என் ஒன்பது வருடம் ஞாபகம் வந்தது. “நாளைக்குப் பத்தொன்பது” என்று மட்டும் சொன்னேன். அவள் சிரித்துவிட்டாள். பிறகு குறைந்துகொண்டே வந்தது, ஆனால் நின்றபாடில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. மர்ளியாவின் பெட்டி தோணியில் ஏறிவிட்டது. காற்று விழுவதற்குள் புறப்பட வேண்டும் என்று தோணிக்காரர் பதுர்தீன் களப்புக் கரையிலிருந்து சத்தம் போட்டார்.

“தொழுதிட்டுப் போறன்” என்றாள் மர்ளியா.

கிணற்றடியில் ஒரு செம்பு மொண்டாள். ஒருமுறை செய்தாள். எழுந்தாள். அந்த நேரம் பார்த்துப் பளீலா வாயைத் திறந்தாள்.

“இடது முழங்கை நனைஞ்சிச்சா? நான் காணல்லயே.”

எங்கே குத்தினால் வலிக்கும் என்று தெரிந்துதான் குத்தினாள். மர்ளியா அப்படியே நின்றுவிட்டாள். சுஹைர் “நனைஞ்ச...” என்று தொடங்கினான். நான் முறைத்தேன். வாயை மூடிக்கொண்டான். உண்மையைச் சொன்னால், எனக்கும் அந்த நிமிடம் சந்தேகம் பிடித்துவிட்டது. நனைந்ததா? என் உள்ளங்கை அரித்தது. ஓடிப்போய் அவள் கையில் நானே ஊற்றிவிடலாம் போலிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

மர்ளியா செம்பைப் பார்த்தாள். வாளியைப் பார்த்தாள்.

“தெரியா மாமி” என்றாள்.

செம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே போய்ப் பாயை விரித்தாள். நாங்கள் மூவரும் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். தொழுகையின் ஒரு சுற்றை, ஒரு ரக்அத்தைக்கூட, திருப்பித் தொழவில்லை. ஸலாம் கொடுத்து எழுந்து வந்தபோது முகமெல்லாம் வியர்வை.

“பெட்டிய இறக்கச் சொல்லுங்கொ. நான் போகல்ல.”

சுஹைர் தாயின் முகத்தைப் பார்க்காமலே களப்பை நோக்கி நடந்தான்.

“நாளைக்கும் சந்தேகம் வந்தா என்ன செய்யப் போறாய்?” என்றாள் பளீலா.

“வரும் மாமி. வந்து அது பாட்டுக்கு நிக்கட்டும். நான் சோறாக்கப் போறன்.”