பயிற்சிக்கு வந்த கழுத்து

என் அண்ணன் லாரி ஓட்டுகிறவன். பத்தாம் வகுப்பைத் தாண்டாதவன். "நான் போகாத காலேஜுக்கு என் கழுத்து போகுது பாரு" என்று அன்று காலை வீட்டில் எல்லோரிடமும் பீற்றிக்கொண்டுதான் என்னோடு கிளம்பினான். இஸ்திரி போட்ட சட்டை வேறு. கழுத்தைக் காட்டப் போகிற மனுஷனுக்கு நல்ல சட்டை எதற்கு என்று அண்ணி கேட்டதற்கு, "படிச்சவங்க நாலு பேர் பார்க்கிற இடம்" என்றான்.

ரத்தக் குழாய்களை ஸ்கேன் செய்யும் வேலைக்கு நாங்கள் எட்டு பேர் பயிற்சி எடுக்கிறோம். ஆஸ்பத்திரியின் பின்பக்கக் கட்டடத்தில், ஜன்னல் இல்லாத ஓர் அறை. ஒரு கட்டில், ஒரு மெஷின். கை பழகும்வரை நோயாளிகளைத் தொட விடமாட்டார்கள். அதனால் அவரவர் வீட்டிலிருந்து ஆள் பிடித்து வர வேண்டும். ஒருத்தி மாமனாரின் காலைக் கொண்டுவந்தாள், ஒருவன் சித்தப்பாவின் வயிற்றைக் கொண்டுவந்தான். என் பங்குக்கு அண்ணனின் கழுத்து.

எங்களுக்குச் சொல்லித்தருகிற மேடத்துக்கு நாங்கள் வைத்த பெயர் 'அறுபது'. ரத்தம் ஓடும் வேகத்தை அளக்க, திரையில் தெரியும் ஒரு கோட்டைக் குழாயின் போக்குக்கு ஏற்றபடி திருப்பி வைக்க வேண்டும். கோணம் அறுபது டிகிரியைத் தாண்டினால் வேகம் பொய்யாகக் கூடிக் காட்டும். "அறுபது, அறுபது" என்று அவர் எங்கள் தோளுக்குப் பின்னால் நின்று சொல்வது தூக்கத்தில்கூடக் கேட்கும். தொழிலில் படு கெட்டிக்காரர். அதில் குறை சொன்னால் என் வாய் அழுகிவிடும்.

அண்ணன் படுத்தான். இடது பக்கக் கழுத்தில், மெஷினோடு வயரால் இணைந்த ப்ரோபை வைத்தேன். தாடைக்குக் கீழே குழாய் இரண்டாகப் பிரியும். ஒன்று மூளைக்கு, ஒன்று முகத்துக்கு. பார்க்க இரண்டும் ஒரே ஜாடை. காதுக்கு முன்னால் விரலால் லேசாகத் தட்டினால், முகத்துக்குப் போகிற குழாயின் அலை மட்டும் திரையில் நடுங்கும். தட்டினேன். நடுங்காததைப் பிடித்து அதில் வேகத்தை அளந்தேன். நூறைச் சுற்றி நிற்க வேண்டிய எண் முந்நூறைத் தாண்டி நின்றது.

எண் எகிறினால் கற்றுக்குட்டிக்கு முதல் சந்தேகம் தன் கைமேல்தான் வரும். கோட்டைத் திருப்பினேன். ப்ரோபைச் சாய்த்தேன். எண் இறங்குவதாக இல்லை. "மேடம், எனக்குக் கோணம் சரியா வரல" என்று கூப்பிட்டேன்.

அறுபது வந்து ப்ரோபை வாங்கினார். கோட்டை வைத்தார். அதே முந்நூற்றுச் சொச்சம். படத்தைப் பெரிதாக்கினார். குழாயின் சுவரெல்லாம் கொழுப்பு படிந்து, ரத்தம் போக நூலளவு வழிதான் மிச்சம் இருந்தது. நான் திரும்பி அண்ணனைப் பார்த்தேன். அவர் முகமோ மலர்ந்தது.

"உன் கோணம் சரிதான். எல்லாரும் இங்க வாங்க. இந்த மாதிரி ஒண்ணு தேடினாலும் கிடைக்காது. ஒவ்வொருத்தரா வெச்சுப் பாருங்க."

பார்த்தார்கள். ஒருவர் மாற்றி ஒருவர். கொழுப்பு படிந்த கழுத்தை அழுத்தாதீர்கள், துணுக்கு பிய்த்துக்கொண்டு மூளைக்குப் போய்விடும் என்று எங்களுக்குப் பாடம் எடுத்ததே இந்த அம்மாள்தான். இப்போது கழுத்தில் ஏழு ஜோடிக் கைகள் பழகிக்கொண்டிருக்க, அவர் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அண்ணனுக்கு ஒரே பெருமை. "இன்னும் யாராவது பாக்கி இருக்கீங்களா? வாசல்ல வாட்ச்மேன் இருக்காரு, அவரையும் கூப்பிடுங்க" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். என்னால் முடியவில்லை.

அவனை வெளியே உட்காரவைத்துவிட்டு அறுபதிடம் போனேன்.

"மேடம், அண்ணன்கிட்ட யார் சொல்றது?"

"நாம சொல்லக் கூடாது. நம்ம வேலை படம் எடுக்கிறது. டாக்டர்தான் சொல்லணும். முதல் நாளே சொல்லிக்கொடுத்தேனே."

"எந்த டாக்டர் மேடம்?"

அவருக்குச் சுருக்கென்றது. எந்த டாக்டரும் இல்லை என்பது இருவருக்கும் தெரியும். பயிற்சிக்கு வந்த ஆளுக்குப் பதிவு கிடையாது, ரிப்போர்ட் கிடையாது. அந்தப் படத்தைப் பார்க்கப் போகிற டாக்டர் என்று உலகத்தில் யாருமே கிடையாது.

"வெள்ளிக்கிழமை உங்க பரீட்சைக்கு வெளியிலேர்ந்து ஆளுங்க வராங்க" என்றார், குரலைத் தணித்து. "இவரையே படுக்கவெச்சா நம்ம சென்டருக்கே பேர். அது முடியட்டும், நானே நல்ல டாக்டரா பார்த்து அனுப்பறேன். இப்ப சொன்னா பயந்துபோய் வரமாட்டாரு. எத்தனை வருஷமா படிஞ்சதோ, நாலு நாள்ல ஒண்ணும் ஆயிடாது."

"ஆயிட்டா?"

"நீ வாயைத் திறந்தா பரீட்சையில உட்கார முடியாது. விதி எல்லாருக்கும் ஒண்ணுதான்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நல்ல விதிதான் அது. அரைகுறையாகப் படித்த நாங்கள் கண்டதையும் உளறி நோயாளியின் தூக்கத்தைக் கெடுக்கக் கூடாது என்பதற்காகப் போட்ட விதி. சொல்வதற்கு ஒரு டாக்டர் இருக்கும்போது அதற்குப் பெயர் ஒழுக்கம். யாருமே இல்லாதபோது அதற்குப் பெயர் அயோக்கியத்தனம். இந்தப் பயிற்சிக்காகப் பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டவள் நான். இதுவும் போனால் நடுத்தெரு. தெரிந்துதான் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தேன்.

அண்ணன் பெஞ்சில் உட்கார்ந்து கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"பாஸா பாப்பா?" என்றான். "அந்தம்மாகிட்ட ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன், விட்டுப்போச்சு. இடது கண்ணுல அப்பப்ப ஷட்டர் இறங்குற மாதிரி இருட்டிக்கிட்டு வருது. கொஞ்ச நேரத்துல தானா ஏறிடுது. கண்ணாடி போடணுமோ?"

"கடைசியா எப்ப வந்துச்சு?"

"நேத்துதான். மேம்பாலத்துல, லோடோட. ஒத்தைக் கண்ணுலயே ஓட்டிக்கிட்டு வந்துட்டேன்." அதற்கும் சிரித்தான்.

"அது கண்ணு இல்லண்ணா. கழுத்து."

திரையில் பார்த்ததை ஒன்று விடாமல் சொன்னேன். மூளைக்குப் போகிற வழி அடைபடுகிறது, துணுக்குகள் இப்போதே கண்ணுக்குப் போக ஆரம்பித்துவிட்டன, அடுத்தது கையையோ காலையோ பேச்சையோ வாங்கிவிடும் என்றேன். அவன் கைக்குட்டையை மடித்தான். பிரித்து மறுபடி மடித்தான்.

"எல்லாரும் பார்த்தாங்களே பாப்பா."

"பார்த்தாங்க."

"ஒருத்தர்கூட சொல்லலியே."

கையைப் பிடித்து எழுப்பி அவசரப் பிரிவுக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

அங்கே இருந்த இளம் டாக்டர், "அடைப்புன்னு யார் சொன்னது?" என்று கேட்டார்.

"நான்தான்."

"நீங்க யாரு?"

"தங்கச்சி" என்றேன். கண் இருட்டியதை அண்ணனைச் சொல்லச் சொன்னேன். அவன் ஷட்டர் என்ற இடத்தில் டாக்டர் பேனாவை வைத்துவிட்டு எழுந்தார். உடனே சேர்த்தார்கள். உடனே கழுத்தை ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள். அதை எடுக்கிற ஆள் அந்த ஆஸ்பத்திரியில் ஒருவர்தான்.

அதே அறை, அதே கட்டில். என்னை வாசலிலேயே நிற்கச் சொன்னார் அறுபது. அதே எண்ணைத்தான் அளந்தார். கை பிசகவில்லை.

"காலையிலேயே உங்களுக்குத் தெரியும்தானே மேடம்?" என்று அண்ணன் படுத்தபடியே கேட்டான். விளையாட்டு ஒன்றும் இல்லை அந்தக் குரலில்.

"டாக்டர் சொல்வாரு" என்றார் அவர். இந்த முறை டாக்டர் இருந்தார். சொன்னார். வியாழக்கிழமை ஆபரேஷன் செய்து, கழுத்தைத் திறந்து அடைப்பைச் சுரண்டி எடுத்தார்கள். மயக்கம் தெளிந்ததும் அண்ணன் கையைத் தூக்கினான், காலைத் தூக்கினான், தன் லாரியை எவன் ஓட்டுகிறான் என்று விசாரித்தான். அண்ணி வராந்தாவில் போய் அழுதாள்.

வெள்ளிக்கிழமை காலை பயிற்சி அறைக்குப் போனேன். என்னை உட்கார விடுவார்களா என்றுகூடத் தெரியாது. எட்டு பேரும் இருந்தோம். பரீட்சை வைக்க வருகிறவர்கள் ஆபீஸ் அறையில் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். கட்டில் காலியாகக் கிடந்தது.

"உன்னை என்ன பண்றதுன்னு அப்புறம் பேசறேன்" என்றார் அறுபது என்னிடம். "உன்னால இன்னிக்குப் படுக்க ஆளில்லாம போச்சு." மற்றவர்கள் பக்கம் திரும்பினார். "நேத்தே எல்லாருக்கும் சொன்னேன், வீட்லேர்ந்து யாரையாவது கூட்டிட்டு வாங்கன்னு. எங்க?"

ஒருவரும் யாரையும் கூட்டிக்கொண்டு வரவில்லை. மாமனாரின் காலைக் கொண்டுவந்தவள் மட்டும், "கேக்க மனசு வரல மேடம்" என்றாள்.

நான் கட்டிலின் விரிப்பை இழுத்துச் சரிசெய்தேன்.

"நீங்களே படுங்க மேடம். நாங்க எட்டு பேரும் பார்க்கிறோம். ஏதாவது தெரிஞ்சா, பரீட்சை எல்லாம் முடிஞ்சப்புறம் சொல்றோம்."

யாரும் சிரிக்கவில்லை. அறுபதின் கை தானாக மேலே போய்த் தன் கழுத்தின் இடது பக்கத்தை மூடிக்கொண்டது.