இராயப்பர் சவரிநாதன் வீட்டைப் பார்க்கிறார்

1

கதை எழுத நான் உட்காரவில்லை. படம் வரைய உட்கார்ந்தேன். அது கெட்டுப்போனதால் கதை ஆகிவிட்டது.

ஆயில் பெயிண்டிங்கில் முகம் வரையக் கற்க, பழைய மேதை யாராவது வரைந்த படத்தைக் காப்பியடிக்க வேண்டுமாம். யூடியூபில் சொன்னார்கள். நான் எடுத்தது ஏசுவின் சீடர் இராயப்பர் அழுகிற படம். ஏசுவைத் தெரியாது என்று மூன்று தடவை சொல்லிவிட்டு, கண்ணை வானத்துக்கு உயர்த்தி அழுவாரே, அந்தப் படம். வில்லியனூரில் கலர் பிரிண்ட் எடுத்து, அதன்மேல் கட்டம் போட்டு, கேன்வாஸிலும் அதே கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டமாக—

கண் வரும் கட்டத்தில் தவறிவிட்டேன். இராயப்பர் வானத்தைப் பார்க்கவில்லை. பக்கவாட்டில் பார்த்தார்.

2

[இங்கே ஒரு வர்ணனை இருந்தது. "பாகூர் ஏரிமேல் கருமேகங்கள்—" மழையே பெய்யவில்லை. அடித்துவிட்டேன்.]

என் மனைவி வெரோனிகாவுக்கு பெயிண்ட் கரைக்கிற டர்பன்டைன் வாசம் ஆகாது. "காயிற வரைக்கும் அந்தாளு வெளியவே இருக்கட்டும்" என்று படத்தை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்தாள். மறுநாள் எதிர்வரிசையில் இரண்டு வீடு தள்ளி இருக்கும் சவரிநாதன் வந்தான்.

"இன்னாடா, உன் இராயப்பரு எங்க வூட்டயே பாத்துனு இருக்காரு?"

"கட்டம் மாறிப்போச்சுடா."

"நீ இன்னா பாவம் பண்ணனு தெருவே கேக்குது. ஞாயித்துக்கெழம மூலகொளத்துலேந்து எம் பொண்ணப் பாக்க வராங்க. அவங்க கேட்டா இன்னா சொல்றது? ஏஞ்சல் மேரி நேத்துலேந்து சாப்புடலடா."

பிறகு திரும்பி, என்னிடம் அல்ல, படத்திடம் சொன்னான்: "சரி, இவங்கிட்ட வாங்குன ஏணி இன்னும் எங்கிட்டதான் இருக்கு. போதுமா?"*

3

நாற்காலியைத் திருப்பினால் போதுமே என்பீர்கள். திருப்பினேன். இராயப்பர் ஸ்டெல்லா வீட்டைப் பார்த்தார். மத்தியானமே ஸ்டெல்லா வந்து, "கோயில் மாதா பொடவ எங்க பீரோலதான் இருக்கு, தொவைக்க எடுத்துனு போனேன், மறந்துட்டேன்" என்று அழுதாள். இன்னும் கொஞ்சம் திருப்பினேன். பச்சையப்பன் வந்தார்.

"நாங்க உங்க சாமியே கும்புடல. எங்கள ஏன்பா பாக்குறாரு?"

(இவரைக் கதையிலிருந்து எடுத்துவிடலாமா என்று யோசித்தேன். ஆனால் தெருவில் நியாயமான கேள்வி கேட்டவர் இவர் ஒருவர்தான்.)

கேட்டுவிட்டுப் போயிருக்கலாம். "ஏரித் தண்ணிய எங்க கயினிக்குத் திருப்புனது நான்தான்" என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

இப்போது யார் வீட்டுப் பக்கமும் திருப்ப முடியவில்லை. தெருவே கூடி, பழையபடி சவரிநாதன் பக்கமே திருப்பச் சொன்னது.

4

முடிவு ஒன்று: படத்தைத் துணியால் மூடுகிறேன். [பெயிண்ட் ஈரம். ஒட்டிக்கொள்ளும்.]

முடிவு இரண்டு: சவரிநாதன் கெஞ்சிக் கேட்டதுபோல் கண்ணை அழித்துவிடுகிறேன். ["இராயப்பரக் குருடாக்கிட்டு எந்த மூஞ்சியோட பூசைக்குப் போவ?" என்றாள் வெரோனிகா.]

நடந்தது: ஞாயிறு காலை கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடி வரைந்தேன். வானத்தைப் பார்க்கவைக்கத்தான் முயன்றேன். என் கை அவ்வளவுதான். இப்போது நேராகப் பார்த்தார், முன்னால் யார் நின்றாலும் அவரையே.

"எங்க வூட்டப் பாக்கல. அது போதும்" என்றான் சவரிநாதன்.

மூலக்குளத்து வேன் வந்தது. சந்து குறுகல், அதனால் என் வாசலிலேயே நின்றது. மாப்பிள்ளையின் அப்பா முதலில் இறங்கினார். படத்தைப் பார்த்தார். செருப்பைக் கழற்றினார்.

"அண்ணே, அதப் பாக்காதீங்க! இப்டி வாங்க!" என்று சவரிநாதன் ஓடிவந்தான். அவன் வீட்டு வாசலில் ஏஞ்சல் மேரி பட்டுப்புடவையில் நின்றாள்.

மாப்பிள்ளையின் அப்பா கையைக் காட்டி அவனை நிறுத்தினார். "பேச்சு மேல போறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடணும்" என்று இராயப்பரிடம் ஆரம்பித்தார்.

5

அவர் சொன்னதை எழுதி அடித்துவிட்டேன். அந்த வரி உங்களுடையது. ஏஞ்சல் மேரியின் கல்யாணம் அதில்தான் இருக்கிறது, பார்த்து எழுதுங்கள். புதிதாக எதையும் யோசிக்க வேண்டாம், உங்களிடமே ஒன்று இருக்கும்.

அவர் உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

* ஏணி இன்னும் வரவில்லை.