ஓல்டாவின் தோல் கோட்டு

ட்ராமில் நான் உட்காரப் போன இருக்கையில் யாரோ பாதி கடித்த குழல் ரொட்டியை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். சர்க்கரை உருகி இருக்கையோடு ஒட்டிக்கிடந்தது. அதன் மேல் ஒரு ஈ. ப்ராக் நகரம் முழுக்க இந்த ரொட்டியைத்தான் விற்கிறார்கள். 'பழங்காலத்துப் பலகாரம்' என்று கடைக்குக் கடை பலகை வேறு. எழுபது வருஷமாக இந்த நாட்டில் சாப்பிடுகிறேன். எங்கள் வீட்டில் யாரும் இதைச் சுட்டதும் இல்லை, தின்றதும் இல்லை. வெளியூர்க்காரர்களுக்காக ஒரு பழமையைப் புதிதாகச் சுட்டு விற்கிறார்கள். கம்பியைப் பிடித்து நின்றுகொண்டேன்.

என் நாத்தனார் போஜெனா அதற்குள் சீட்டை எடுத்து எந்திரத்தில் செருகி முத்திரை குத்திக்கொண்டிருந்தாள். என்னைவிட நான்கு வயது மூத்தவள். இறந்துபோன என் கணவன் ஓல்டாவின் அக்கா.

"அண்ணி, அறுபத்தஞ்சு தாண்டினா சீட்டே வேண்டாம். அட்டையக் காட்டினா போதும். மெட்ரோவுலயே சொன்னேன்ல?"

"சும்மாவா ஏத்திட்டுப் போறான்? இந்த நாட்டுல எதுடி சும்மா கெடைச்சிருக்கு? நீ வேணா நம்பு. நான் நம்ப மாட்டேன்."

மொராவியாவில் இருக்கும் எங்கள் ஊரிலிருந்து விடிகாலை ரயிலில் கிளம்பி, இங்கே மெட்ரோ பிடித்து, அதிலிருந்து ட்ராமுக்கு மாறியிருந்தோம். போஜெனா அண்ணியின் பையில் ஆறு துண்டு ரொட்டி. ஒவ்வொன்றிலும் பொரித்த பன்றி இறைச்சி, ஊறுகாய் வெள்ளரி. தலைநகரத்தில் ஒரு வாய் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கக்கூடாது என்பது அவள் கொள்கை. அந்த எண்ணெய் வாசனை மூன்று மணி நேரமாக என் மூக்கை விட்டுப் போகவில்லை.

என் கைப்பைக்குள் அருங்காட்சியகத்தின் கடிதம் இருந்தது. 'நீங்கள் அன்புடன் வழங்கிய பொருள் தற்போது எங்கள் நிரந்தரக் காட்சியில் இடம்பெற்றுள்ளது.' இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவர்களுடைய வண்டி எங்கள் ஊருக்கு வந்தது. அந்தக் கம்யூனிஸ்ட் ஆட்சிக் காலத்துச் சாமான்கள் எதுவானாலும் கொடுங்கள், மக்களின் அன்றாட வாழ்க்கையைக் காட்டப் போகிறோம் என்றார்கள். ஒருத்தி காப்பி அரைக்கும் எந்திரத்தைக் கொடுத்தாள், ஒருத்தர் சலவை எந்திரத்தையே தூக்கிக்கொண்டு வந்தார். நான் ஓல்டாவின் தோல் கோட்டைக் கொடுத்தேன். அவன் போய் ஒரு வருஷம் ஆகியும் அலமாரியைத் திறந்தால் அதுதான் முதலில் எதிரே நின்றது. கொடுக்கலாமா வேண்டாமா என்று நான் தடுமாறியபோது, "குடுத்துத் தொலை" என்றவள் போஜெனா அண்ணி. தம்பியின் பொருள் மேல் அக்காவுக்கு இவ்வளவுதான் பாசமா என்று அன்றைக்கு மனசுக்குள் திட்டினேன்.

கடிதம் வந்த நாளிலிருந்து எனக்கு ஒரே ஆசை. கண்ணாடிப் பெட்டிக்குள் அந்தக் கோட்டு, கீழே சின்னதாக, அவன் முழுப்பெயரோடு ஓர் அட்டை: 'ஓல்ட்ரிச், மின்பணியாளர்.' அதைப் பார்த்துவிட்டு வந்துவிட வேண்டும். அவ்வளவுதான்.

அருங்காட்சியக வாசலிலேயே கடை. விசாரணை அறை விளக்கு மாதிரி சாவி வளையம். கைவிலங்கு மாதிரி வளையல். வரிசையில் நின்ற பிள்ளைகள் அதை மாட்டிக்கொண்டு சிரித்தார்கள். உள்ளே இருட்டு. எங்கோ ஒலிபெருக்கியில் ஓர் ஆள் முனகிக்கொண்டே இருந்தான். முனகல் முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது. முதல் அறையில் சமையலறை, இரண்டாவதில் வகுப்பறை, மூன்றாவதில் வரிசையில் நின்று வாழைப்பழம் வாங்கும் பொம்மைகள். ஒவ்வொரு கண்ணாடிப் பெட்டியாகக் குனிந்து குனிந்து தேடினேன். கோட்டு எங்கேயும் இல்லை.

நான்காவது அறையில் இருந்தது.

ஒரு மேஜை, மேஜையில் வளைந்த விளக்கு, எதிரே காலியான நாற்காலி. மேஜைக்குப் பின்னால் மெழுகு முகத்தோடு ரகசியப் போலீஸ்காரன் உட்கார்ந்திருந்தான். முடி வழித்துச் சீவியிருந்தது. உதட்டில் இளக்காரம். அவன் உடம்பில் ஓல்டாவின் கோட்டு. எனக்குச் சந்தேகமே வரவில்லை. இடது கையில், முழங்கைக்குக் கீழே, ஈயம் உருக்கும் கம்பி பட்டுக் கருகிய இடம். கறுப்பு நூல் கடையில் இல்லாத மாதத்தில் பழுப்பு நூலால் நான் தைத்த தையல். பதினேழு தையல். அதற்குப் பக்கத்தில் சிவப்புச் சாயத்தை யாரோ தெளித்திருந்தார்கள், ரத்தம் மாதிரி. காலி நாற்காலியில் ஒரு பையன் உட்கார்ந்து பயந்த மாதிரி முகத்தை வைத்துக்கொள்ள, அவன் சிநேகிதி படம் எடுத்தாள். அப்புறம் அவள் உட்கார்ந்தாள், அவன் எடுத்தான்.

மேஜை மேல் அட்டை இருந்தது. 'இந்த உடையைக் கண்டு ஒரு தேசமே நடுங்கியது.'

நான் எப்படிக் கத்தினேன் என்று எனக்கு நினைவில்லை. போஜெனா அண்ணி என் கையைப் பிடித்து இழுத்ததும், காவலாள் ஓடிவந்ததும், பின்னாலேயே கழுத்தில் அட்டை தொங்க ஓர் இளைஞன் வந்ததும்தான் நினைவிருக்கிறது. பெயர் தடேயாஷ். காட்சிகளுக்குப் பொறுப்பாம். காதில் தோடு, காலில் வெள்ளைச் செருப்பு.

"மேடம், மெதுவா. விசிட்டர்ஸ் இருக்காங்க."

"அது என் புருஷன் கோட்டு! அவரு கரண்ட் வேலை பாத்தவரு. போலீஸ் இல்ல. ஊர்ல எந்த வீட்டு விளக்கு எரியலைன்னாலும் ராத்திரி பகல் பாக்காம ஓடினவரு. அவர எதுக்குடா இங்க உக்கார வெச்சிருக்கீங்க?"

"அவர வெக்கல மேடம். கோட்டத்தான் வெச்சிருக்கோம். பேரு எங்கயும் போடலையே. அந்த மாடல் கோட்டுதான் அவங்க போட்டது. இது அச்சு அசலா இருக்கு. அந்தத் தையல்கூட, பாக்கறவங்க மனசுல ரொம்ப வேலை செய்யுது. இவன்கிட்ட மாட்டின யாரோ கையப் பிடிச்சு இழுத்திருக்கான்னு நெனைக்கறாங்க."

"அது நான் தச்சது!"

"சூப்பரா தச்சிருக்கீங்க" என்றான் அவன். கேலி இல்லை. நிஜமாகவே பாராட்டினான். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

எங்களைப் பக்கத்து நடைக்குக் கூட்டிப்போய் பெஞ்சில் உட்காரவைத்தான். கணினியில் எதையோ தேடி ஒரு தாளை அச்செடுத்துக் கொண்டுவந்தான். என் கையெழுத்து. இரண்டு வருஷத்துக்கு முன் வண்டியில் வைத்து நான் நிரப்பிய படிவம்.

"இங்க பாருங்க மேடம். 'பொருளின் வரலாறு: எங்கே, எப்போது, யாரிடமிருந்து கிடைத்தது?' நீங்க என்ன எழுதியிருக்கீங்க?"

'தெரியாது' என்று எழுதியிருந்தேன்.

"வரலாறு இருந்தா அந்த ஆளோட பேரப் போட்டுப் பெட்டிக்குள்ள வெப்போம். இல்லாததெல்லாம் பொம்மைக்குப் போயிடும். கணவரோட கோட்டு எங்க வாங்கினதுன்னு தெரியாதா உங்களுக்கு?"

இவனுக்கு எப்படிச் சொல்வது? இவன் பிறந்தபோது கடைகளில் எல்லாம் நிறைந்து கிடந்தது. எங்கள் காலத்தில் ஒருவர் வீட்டுக்கு ஆரஞ்சுப் பழத்தோடு வந்தால், எங்கே கிடைத்தது என்று யாரும் கேட்க மாட்டோம். கேட்டால் அவமரியாதை. கடையின் பின்கதவு, தெரிந்த ஆள், செய்த உதவிக்குப் பதில் உதவி, எதுவாகவும் இருக்கும். இன்னொன்று கிடைக்குமா என்று மட்டும் கேட்கலாம். எழுபத்தொன்பதாம் வருஷக் குளிர்காலத்தில் ஓல்டா அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்து நின்றான். மூன்று மாதச் சம்பளம் கொடுத்தாலும் கிடைக்காத தோல். "ஒருத்தருக்கு ஒயர் வேலை செஞ்சேன், குடுத்தாரு" என்றான். நான் காலரைத் தடவிப் பார்த்தேன். "எனக்கும் ஒண்ணு கெடைக்குமா?" என்றேன். அவன் சிரிக்கவில்லை. அதைக்கூட நான் குளிர் என்று நினைத்துக்கொண்டேன்.

"எனக்கு அந்தக் கோட்டு திரும்ப வேணும்" என்றேன் தடேயாஷிடம். "வாங்காம இங்கருந்து எந்திரிக்க மாட்டேன்."

அவன் என்னைப் பார்த்தான், போஜெனா அண்ணியைப் பார்த்தான், மேலதிகாரியைக் கேட்டுவிட்டு வருவதாகப் போனான்.

அண்ணி பையைத் திறந்து ஒரு ரொட்டியை எடுத்தாள். கடித்தாள். எண்ணெய் கன்னத்தில் வழிந்தது. பக்கத்து அறை ஒலிபெருக்கியில் அந்த ஆள் மறுபடி முதலிலிருந்து முனக ஆரம்பித்தான்.

"சாப்பிடற நேரமா அண்ணி இது?"

"எனக்கு மனசு பதறினா வாய் மெல்லும். உனக்குத் தெரியாதா?" மென்றுகொண்டே இருந்தாள். பிறகு, "விட்டுட்டு வந்துடு, வ்லஸ்தா. இங்கயே கெடக்கட்டும்" என்றாள்.

"உங்க தம்பியோட மானம் அண்ணி."

"என் தம்பிங்கறதாலதான் சொல்றேன்." ரொட்டியைக் காகிதத்தில் சுற்றினாள். விரல்களைக் கைக்குட்டையில் ஒவ்வொன்றாகத் துடைத்தாள். "அந்தக் குளிர்காலத்துல அவன் எங்க ஒயர் இழுத்தான், ஞாபகம் இருக்கா?"

"எத்தனையோ வீடு."

"மெத்தோடி பாதிரியார் வீடு. பழைய ஒயரெல்லாம் போச்சுன்னு யாரோ திடீர்னு இலவசமா மாத்திக் குடுத்தாங்க. அவரு கேக்கவும் இல்ல, காசு குடுக்கவும் இல்ல. நாலு நாள் சுவத்த ஒடச்சு வேலை பார்த்தான். அஞ்சாம் நாளு இந்தக் கோட்டு. வசந்த காலத்துல ரகசியப் போலீஸ்காரங்க பாதிரியாரப் பிடிச்சுட்டுப் போனாங்க. அவரு வீட்டுக்குள்ள ராத்திரி பேசினதெல்லாம், சுவரே கேட்டுச் சொன்ன மாதிரி, வார்த்தை மாறாம அவங்ககிட்ட இருந்துச்சாம்."

"அவன் சொன்னானா உங்ககிட்ட?"

"சொல்லல. நான் கேக்கல." அண்ணி என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தாள். "நாம எதத்தான் கேட்டிருக்கோம்?"

இரண்டு வருஷம் கழித்து பாதிரியார் திரும்பி வந்தார். கை நடுக்கத்தில் கரண்டி நிற்காது. வாரா வாரம் நான்தான் சூப் கொண்டுபோய் ஊட்டுவேன். ஓல்டா காரில் கொண்டுவிடுவான். ஒருநாள்கூட உள்ளே வந்ததில்லை. சாமி நம்பிக்கை இல்லாதவன், அதனால் வரவில்லை என்று நானே காரணம் சொல்லிக்கொண்டேன். ஜன்னல் வழியாகப் பார்த்தால் பனியில் நின்றுகொண்டிருப்பான், இந்தக் கோட்டில், காலரைத் தூக்கி விட்டுக்கொண்டு. பாதிரியார் ஒருமுறை வெளியே பார்த்துவிட்டு, "நல்ல கோட்டு" என்றார். நான் பெருமைப்பட்டேன். பெருமைப்பட்டேன்!



தடேயாஷ் வேகமாக வந்தான். கையில் கோட்டு. முகத்தில் நல்ல காரியம் செய்த சந்தோஷம்.

"எடுத்துக்கங்க மேடம். மேல சரின்னுட்டாங்க. இந்த மாதிரி இன்னும் மூணு ஸ்டோர்ல இருக்கு, வேற ஒண்ண மாட்டிக்குவோம். சாயம் தண்ணில போயிடும். வருத்தப்படாதீங்க."

அவ்வளவு கத்தியவள், இப்போது வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? கையை நீட்டினேன். எப்போதும் இருந்ததைவிட அதிகமாகக் கனத்தது. வாசலுக்கு வந்ததும் பழக்கத்தில் கோட்டின் பைக்குள் கையை விட்டேன். ஓல்டா அதில் எப்போதும் மடித்த வலைப்பை ஒன்று வைத்திருப்பான், திடீரென்று எங்காவது ஏதாவது கிடைத்தால் வாங்க. வலைப்பை இல்லை. வந்து போனவர்கள் மென்று துப்பிய சூயிங்கம், ஒரு ஐஸ் குச்சி, கசங்கிய ஈரத் தாள். கையை வெளியே எடுத்தபோது ஒரு பிசின் இழை கூடவே நீண்டு வந்தது. துடைக்கத் துடைக்கப் போகவில்லை.

திரும்பும் ட்ராமில் இரண்டிரண்டு இருக்கைகள். அண்ணி காலையில் குத்திய அதே சீட்டை மறுபடி எந்திரத்தில் செருகிக் குத்திவிட்டு முன்னால் உட்கார்ந்தாள். நான் பின்னால். கோட்டை மடியில் வைக்க முடியவில்லை. அதன் உள்பக்கத்திலிருந்து மெழுகு நாற்றமும் பழைய தோல் நாற்றமும் சேர்ந்து அடித்தது. ஜன்னல் ஓரத்து இருக்கையில் வைத்தேன். பொம்மையின் மேல் இவ்வளவு நாள் இருந்த கோட்டு. தோள் விறைத்து, கைகள் முன்னால் மடங்கி, நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தது. நிறுத்தத்துக்கு நிறுத்தம் கூட்டம் ஏறியது. நின்றுகொண்டு வந்தார்களே தவிர, யாரும் அந்த இடத்தைக் கேட்கவில்லை.

சாதாரணச் சட்டை போட்ட ஒரு பருமனான ஆள் எழுந்து, உள்ளங்கையில் இருந்த வில்லையைக் காட்டினார். பரிசோதகர். முதலில் அண்ணியிடம் போனார்.

"என்னம்மா, ரெண்டு முத்திரை குத்தியிருக்கீங்க? ரெண்டு தடவ குத்தினா சீட்டு செல்லாது."

"ரெண்டு தடவ வந்தேன், ரெண்டு தடவ குத்தினேன்!"

அவர் அவள் அட்டையை வாங்கிப் பார்த்துச் சிரித்துவிட்டார். "உங்களுக்குச் சீட்டே வேண்டாம்மா. போங்க, சும்மா போங்க."

"சும்மா வேண்டாம் எனக்கு" என்றாள் அண்ணி. அவள் குரல் உடைந்திருந்தது. அவருக்குக் காரணம் புரியவில்லை.

என்னிடம் வந்தார். என் அட்டையைப் பார்த்துத் தலையசைத்தார். பிறகு ஜன்னல் பக்கம் காட்டினார்.

"இந்தக் கோட்டு யாருது? இவ்வளவு பேர் நிக்கறாங்க, எடுத்துட்டு எடம் விடுங்க."

அண்ணி திரும்பி என்னைப் பார்த்தாள். நின்றுகொண்டிருந்தவர்களும் பார்த்தார்கள். என் விரல்களில் அந்தப் பிசின் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

"ஏம்மா, உங்களுதா?"

ட்ராம் ஆற்றங்கரை வளைவில் திரும்பியது. சக்கரங்கள் கிறீச்சிட்டன. கம்பியைப் பிடித்திருந்தவர்கள் எல்லோரும் ஒரே பக்கம் சாய்ந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைப் பயணங்களில் ஓல்டா தூங்கிப்போய்ச் சாய்வானே, அதே மாதிரி, கோட்டும் மெல்லச் சரிந்து அதன் தோளை என் தோளில் வைத்தது.